மல்லிகை பூக்கவில்லையா? திருகோணமலை வளவுக்கு ஒரு கத்தரிப்பு வழிமுறை

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி மல்லிகையைப் பற்றித்தான் இருக்கும். கோயில்களில் கொடியேறுகிற நேரம். பக்கத்து வீட்டுப் பந்தலில் பூ கொட்டுகிறது, நம் வீட்டில் இலை மட்டும்தான். உவர்மலையிலும் உப்புவெளியிலும் பாலையூற்றிலும் பல வருடமாகத் தெரிந்தவர்கள் வீட்டுச் செடிகளை வெட்டிக் கொடுத்து வருகிறேன். முறைப்பாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அவற்றை அறிகுறிப்படி எழுதி வைக்கிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

ஆனால் எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னும் ஒரு கேள்வி: கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

வெட்டும் நாள்

தமிழ்நாட்டுக் காணொளிகளில் குண்டுமல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் கத்தரிக்கச் சொல்வார்கள். மதுரைப் பக்கம் அப்போது மழை அடங்கத் தொடங்கிவிடும், அங்கே அது சரியான காலம். நமக்கு நவம்பர், டிசம்பர் இரண்டும் வாடைக்காற்றோடு மழை கொட்டுகிற மாதங்கள். அந்த நாளில் வெட்டினால் வெட்டுவாய் காயவே காயாது. தண்ணீர் இறங்கி, பங்கசு பிடித்து, கொப்பு மேலிருந்து கீழாகக் கறுக்கும்.

நான் தைப்பொங்கல் முடியும்வரை கத்தியை எடுப்பதில்லை. பொங்கலுக்குப் பிறகு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்கட்டும். மண்ணில் ஈரம் இருக்கும், வானம் வெளித்திருக்கும். அதுதான் நாள். அதிலிருந்து மாசி முதல் கிழமை வரைக்கும் தாராளமாக வெட்டலாம். வெட்டி எட்டிலிருந்து பன்னிரண்டு கிழமையில் பூ வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பங்குனிக் கடைசிக்கும் சித்திரைக்கும் சரியாக வந்து நிற்கும். முல்லையையும் இதே காலத்தில் வெட்டலாம். பிச்சி கொஞ்சம் முந்திக் கேட்கும், என்றாலும் மழைக்குள் வெட்டாதீர்கள்.

அறிகுறி 1: இலை கனக்க இருக்கிறது, பூ இல்லை

பத்தில் ஏழு அழைப்புகள் இதற்குத்தான்.

முதலில் வெயிலைப் பாருங்கள். காலை ஒன்பதுக்கு ஒருமுறை, நடுப்பகல் ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை செடியடியில் போய் நில்லுங்கள். மூன்று தடவையில் இரண்டு தடவை நீங்கள் நிழலில் நின்றால் காரணம் அதுதான். மல்லிகைக்கு நாளுக்கு ஐந்தாறு மணித்தியால நேர் வெயில் வேண்டும். செடி வைத்தபோது மாமரம் சின்னதாக இருந்திருக்கும். மாங்கொப்பை வெட்டுங்கள், மல்லிகையை விடுங்கள்.

வெயில் சரி என்றால், செடியில் பழைய பூக்காம்பு ஒன்றாவது காய்ந்து நிற்கும், அதைத் தேடுங்கள். அது எந்தக் கொப்பின் நுனியில் நிற்கிறது? பச்சையாக, பென்சில் மொத்தம்கூட இல்லாத புதுத் தளிரின் நுனியில்தான் நிற்கும். அதிலே பெரும்பாலும் மூன்று மொட்டுகளுக்கான தடம் இருக்கும். நடு மொட்டு முதலில் விரியும், பக்கத்து இரண்டும் பின்னால். மண்ணிறமாக முற்றிய பழைய தண்டில் நேரே பூத்ததாக ஒரு தடமும் கிடைக்காது. மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டாத செடி புதுத் தளிர் விடுவது குறைவு, விட்டாலும் உச்சியில் மட்டும். அதனால்தான் வருடக்கணக்கில் வெட்டாத பந்தலில் பூ கூரைக்கு மேலே இருக்கும், கைக்கு எட்டுவது வெறும் குச்சி.

இங்கேதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உப்புவெளியில் ஒரு அக்காவின் வீட்டில் ஆள் உயரப் புதர். ஆறு வருடமாகக் கத்தி படவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன். "ஐயோ தம்பி, இவ்வளவும் வெட்டினா பட்டுப்போயிடாதா?" என்றார். நான் வெட்டி முடிக்கும்வரை குசினிக்குள் இருந்து வெளியே வரவில்லை. மூன்றாம் கிழமை அவரே எடுத்துப் பேசினார்: குச்சியெல்லாம் கணுவுக்குக் கணு சிவப்பாக முளைக்கிறதாம். வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல அழைப்புகளில் அது ஒன்று.

வெட்டும் முறை இது. நிலத்திலிருந்து 45 தொடக்கம் 50 சென்ரிமீற்றர் உயரம் வையுங்கள். முதலில் காய்ந்த கொப்புகள், அடுத்து ஒன்றோடொன்று உரசுகிறவை, பிறகு நூல் போல மெலிந்த குச்சிகள் எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற தடித்த தண்டுகளில் ஆறு, எட்டு போதும். அவற்றைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்தோடுகிற மாதிரி சற்றுச் சரிவாக வெட்டுங்கள். கணுவில் இரண்டு பக்கமும் கடுகளவு முளை தெரியும். வெட்டு அதற்கு மேலே இருக்க வேண்டும். அதிகம் மேலே போனால் மீதிக் குச்சி காய்ந்து நோய்க்கு வாசலாகும், முளையை உரசிப் போனால் முளை போச்சு. நடுப்பகுதி கிண்ணம் மாதிரித் திறந்திருந்தால் நல்லது, காற்றும் வெயிலும் உள்ளே இறங்கும்.

வெட்டிய அன்றே அடிமண்ணைக் கொத்தி, நிலத்தில் நிற்கிற ஒரு செடிக்கு நன்றாக உக்கிய மாட்டெரு 10 கிலோ போட்டு, தண்ணீர் விடுங்கள். சாடிச் செடி என்றால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கூட்டெருவால் நிரப்புங்கள்.

வெட்டியும் பூ வரவில்லை என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, சித்திரைக்குள் யாராவது வேலியோடு சேர்த்து நுனியைச் சீவிவிட்டார்களா? வேலி வெட்டுகிற நீண்ட கத்தரி ஒரு சுற்று வந்தால் இரண்டு மாத மொட்டும் போய்விடும். இரண்டு, யூரியா. ஒரு கைப்பிடி யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வரும், பார்க்க ஆசையாக இருக்கும், பூ மட்டும் வராது. நிறுத்திவிட்டு எருவோடு விடுங்கள். மூன்று, தினமும் குழாயைத் திறந்து ஊற்றுவது. தை மாதம் வெட்டுவதற்கு முன் ஒரு கிழமையாவது செடி தாகத்தோடு நிற்கட்டும்.

கடைசிக் காரணம் வயது. பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய செடியில் அடித்தண்டு மரமாகி, வெட்டினாலும் இரண்டு மூன்று தளிர்தான் வரும். அதை உடனே பிடுங்காதீர்கள். கீழே தாழ்ந்த ஒரு கொப்பை வளைத்து, ஒரு கணுவில் லேசாகத் தோலைச் சீவி, மண்ணுக்குள் பதித்துக் கல் ஒன்றை மேலே வையுங்கள். மழைக்காலத்தில் பதித்தால் அடுத்த தையில் வேரோடு பிரித்தெடுக்கலாம். அம்மம்மா வைத்த செடி என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் செய்து கொடுக்கிறேன். அதே செடிதான் தொடர்கிறது, தண்டு மட்டும் புதிது.

அறிகுறி 2: வெட்டிய கொப்பு நுனியிலிருந்து கறுத்து இறங்குகிறது

கறுப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நகத்தால் தோலைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிற இடம்தான் உயிருள்ள இடம்.

முதல் கணுவுக்கு மேலே நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மேலே அதிகம் குச்சி விட்டு வெட்டியிருக்கிறீர்கள், அது தானாகக் காய்கிறது. கணுவுக்குக் கால் அங்குலம் மேலே மறுபடி வெட்டி ஒழுங்காக்கிவிடுங்கள்.

கணுவைத் தாண்டி இறங்கினால் வெட்டுவாயைப் பாருங்கள். நசிந்து, நார் பிதுங்கி இருந்தால் கத்தி மொட்டை. குசினிக் கத்தியாலும் துணி வெட்டுகிற கத்தரிக்கோலாலும் வெட்டினால் இப்படித்தான். கொப்பு வெட்டும் கத்தரி ஒன்று வாங்கித் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டில் துடையுங்கள். நான் ஒருமுறை துடைக்காமல் போய் ஒரே வரிசையில் நாலு செடிக்கு நோயைக் கொண்டு சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஸ்பிரிட் போத்தல் இல்லாமல் போவதில்லை.

வெட்டு சுத்தமாக இருந்தும் கறுக்கிறது என்றால் மழை ஈரம். வெயில் காலை ஒன்றில், உள்மரம் வெள்ளையாகத் தெரியும்வரை கீழே இறக்கி வெட்டுங்கள். வெட்டியதை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். பிறகு செம்பு கலந்த பங்கசுநாசினியை, போத்தலில் எழுதியிருக்கிற அளவில் வெட்டுவாய்களில் தடவலாம். இரண்டு தடவை இறக்கி வெட்டியும் நிற்காமல் அடித்தண்டுக்குப் போகிறதென்றால் வேரில் கோளாறு, அறிகுறி 6 ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: மொட்டு வருகிறது, விரியவில்லை

மொட்டைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள்.

பக்கத்தில் ஊசித்துளை இருந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலால் சேர்ந்து ஒட்டியிருந்தால் மொட்டுப்புழு. பிரித்தால் உள்ளே பச்சைப்புழு இருக்கும், பூவின் உட்பகுதி காலி.

துளை இல்லாமல், மொட்டின் அடி வீங்கி, ஊதா படர்ந்து, விரியாமலே காய்ந்து விழுந்தால் மொட்டு ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன ஈ மொட்டுக்குள் முட்டையிடும், புழு வளர்ந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

இரண்டுக்கும் முதல் வைத்தியம் கைதான். கெட்ட மொட்டுகளை விடியக்காலையில் பறித்து, சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியில் போடுங்கள். நிலத்தில் விழுந்ததையும் பொறுக்குங்கள். செடியடி மண்ணைக் கிழமைக்கு ஒருமுறை கிளறி வெயில் காட்டினால் மொட்டு ஈயின் அடுத்த தலைமுறை குறையும். இது அலுப்பான வேலை. மூன்று கிழமை விடாமல் செய்தவர்கள் யாரும் எனக்கு இரண்டாம் முறை அழைக்கவில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் லீற்றர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றரும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். அதற்கு மேல் கடைப் பீடைநாசினிக்குப் போவதென்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்காமல் போகாதீர்கள். இது சாமிக்கும் தலைக்கும் வைக்கிற பூ, பிள்ளைகள் முகர்ந்து பார்க்கிற பூ.

மொட்டில் பூச்சியே இல்லை, நுனி மட்டும் கருகி உதிர்கிறதா? வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அப்படி நடக்கும். மேற்கிலிருந்து வருகிற அந்த வறட்டுக் காற்று ஒரே பின்னேரத்தில் இலையைச் சுருட்டிவிடும். செடியடிக்குத் தென்னந்தும்பும் சருகும் மூடாக்குப் போட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடுங்கள். மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி ஒன்று கட்டினால் இன்னும் நல்லது.

அறிகுறி 4: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

அடியில் உள்ள பழைய இலைகள் முழுதாக மஞ்சளாகி விழுந்தால் பசி. எரு போடுங்கள். மழைக்காலத்தில் என்றால் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். தம்பலகாமம் மாதிரி களிமண் பக்கங்களில் செடியை மேட்டில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நுனியில் உள்ள புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை. நிலாவெளிப் பக்கக் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். புது மதில் ஓரம் என்றால் சீமெந்துக் கழிவு புதைந்திருக்கும். இரண்டிலும் சுண்ணாம்பு கூடி இரும்பு பூட்டுப்பட்டுப் போகும். லீற்றருக்கு 5 கிராம் இரும்பு சல்பேற்றைக் கரைத்து, மாதம் ஒருமுறை இலையில் தெளியுங்கள், பச்சை திரும்பும்வரை. மதிலிலும் சீமெந்துத் தரையிலும் படவிடாதீர்கள், துருக்கறை போகாது. நிரந்தரத் தீர்வு கூட்டெருதான், வருடத்துக்கு வருடம்.

இலை விளிம்பு மண்ணிறமாகக் கருகினால் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் சில ஆவணிக்குள் உவர்த்துவிடும். மழைத்தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்துக் கலந்து ஊற்றலாம். அது முடியாத வளவில் மல்லிகையை நல்ல மண் நிரப்பிய பெரிய சாடிக்கு மாற்றுவதே வழி.

அறிகுறி 5: இலை வெளிறி, தூசு படிந்த மாதிரி

வெள்ளைத்தாள் ஒன்றை இலைக்கடியில் பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. கோடையில் வரும். இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த்தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு. பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் நனையும் கந்தகத்தூள் லீற்றருக்கு 2 கிராம், அதுவும் பொழுதுபட்ட பிறகு. பகல் வெயிலில் கந்தகம் அடித்தால் இலை வெந்துபோகும். வேப்பெண்ணெய் தெளித்த கிழமையில் கந்தகம் வேண்டாம்.

அறிகுறி 6: தண்ணீர் விட்டும் செடி முழுதாக வாடுகிறது

இதுதான் அவசரம். அன்றைக்கே பாருங்கள்.

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் வேர்வரை போகவில்லை. மணல் காய்ந்துவிட்டால் தண்ணீர் மேலேயே ஓடிவிடும். பாத்தி கட்டி மெதுவாக ஊற்றுங்கள்.

ஈரமாக இருந்தால் அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்குங்கள். தண்டில் மண்குழாய் ஏறியிருந்தால் கறையான். குழாயைத் தட்டிவிட்டு, காய்ந்த குச்சி, பழைய பலகை எல்லாவற்றையும் வளவிலிருந்து அகற்றுங்கள். தோல் சொதசொதத்து, கையோடு உரிந்து வந்தால் அழுகல். தண்ணீரை நிறுத்தி, வடிகால் வெட்டி, மேலே பாதியாகக் கத்தரித்துப் பாரத்தைக் குறையுங்கள். பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான். அதனால் அன்றைக்கே பச்சையாக உள்ள கொப்பில் நாலு துண்டு வெட்டி மணலில் நட்டு நிழலில் வையுங்கள்.

தண்டும் சுத்தம் என்றால் ஒரு பக்கத்து வேரை மெல்லத் தோண்டிப் பாருங்கள். மிளகு மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. வீட்டில் செய்து தீர்க்கிற வேலை அல்ல இது. அதே குழியில் புது மல்லிகையும் வைக்காதீர்கள்.

வரிசையில் ஒன்றுக்கு மேல் செடி இப்படி வாடினால் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். வெறுங்கையோடு போகாமல், வாடிய கொப்பு ஒன்று, வேர்த்துண்டு ஒன்று, ஒரு பிடி மண், மூன்றையும் தனித்தனிப் பையில் கொண்டுபோனால் பேச்சு சுருங்கும். இன்னொன்று: பந்தல் மின்கம்பியில் ஏறியிருந்தால் நீங்களும் தொடவேண்டாம், கூலிக்கு ஆளும் பிடிக்கவேண்டாம். மின்சார அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

அறிகுறி 7: நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ஹைட்ரேஞ்சியா பூக்கவில்லை

இது மல்லிகை இல்லைதான், ஆனாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். மலையில் நீலப் பந்து மாதிரிப் பூத்திருந்ததைச் சாடியோடு வாங்கி வருவார்கள். பூ வாடியதும், மல்லிகைக்குச் சொன்ன மாதிரியே முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பிறகு பூ இல்லை.

சாடியில் விற்கிற அந்தப் பந்துப்பூ இனம் மல்லிகைக்கு நேர்மாறு. இந்த முறை வளர்ந்த கொப்பின் நுனியில்தான் அடுத்த பூவுக்கான மொட்டைக் கட்டி வைக்கும். தாழ வெட்டினால் வெட்டி எறிந்தது பூவைத்தான். வாடிய பூத்தலையை மட்டும், அதற்குக் கீழே தெரிகிற முதல் தடித்த முளைச்சோடிக்கு மேலே வெட்டுங்கள். மெலிந்த, காய்ந்த குச்சி இருந்தால் அடியோடு எடுக்கலாம். அவ்வளவுதான். புதுக்கொப்பில் பூக்கிற ஹைட்ரேஞ்சியா இனங்களும் உண்டு, ஆனால் நம்மவர்கள் மலையிலிருந்து கொண்டுவருவது அது அல்ல.

சரியாக வெட்டியும் பூக்காவிட்டால் உங்கள் கையில் பிழை இல்லை. அந்த மொட்டுக் கட்டுவதற்குக் கிழமைக்கணக்கில் குளிர் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், வருடச் சராசரி 16 பாகை அளவில் இருக்கிறது. நமக்குச் சராசரி 28 பாகை. காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு விறாந்தையில், ஈரம் காயாத கூட்டெரு மண்ணில் வைத்தால் இலையோடு பசுமையாக நிற்கும். நண்பகலில் இலை தொங்கிப் பொழுதுபட நிமிர்ந்தால் அது சூட்டுக்கு, தண்ணீரை மேலும் மேலும் ஊற்றாதீர்கள். காலையிலும் தொங்கியிருந்தால்தான் தாகம்.

பூவோடு பார்க்க வேண்டும் என்ற ஆசை தீராதவர்கள், மலையில் உறவுக்காரர் யாரும் இருந்தால் சாடியை அவர்களிடமே கொடுத்துவிட்டு, பூக்கிற காலத்தில் போய்ப் பாருங்கள். காலியான விறாந்தை மூலைக்கு, பதியம் பிரித்த மல்லிகைக் கன்று ஒன்று தருகிறேன், வெயில் வருகிற பக்கம் தள்ளி வையுங்கள்.